பல்லை எண்ணத்தான் வேண்டும்

ஓடு நீண்டு சவரக்கத்தி போல இருந்தால் போதும், படத்தைப் பார்த்தே மட்டியின் இனத்தைச் சொல்லிவிடலாம், ஓட்டைத் திறந்து கீலிலுள்ள பல்லை எண்ணுவது வீண்வேலை என்கிறார்கள். இது தவறான வாதம்.

சோலென், என்சிஸ் என்ற மட்டிப் பேரினங்கள் இரண்டுமே கத்தி உறை போன்றவை. 1758இல் லின்னேயஸ் இரண்டையும் சோலெனுக்குள்தான் வைத்தார். இன்று அவை வேறுவேறு குடும்பங்கள். கீலைப் பார்த்தால் வேறுபாடு புரியும்: சோலெனுக்கு ஒவ்வோர் ஓட்டிலும் ஒரே முதன்மைப் பல், என்சிஸுக்கோ இடது ஓட்டில் இரண்டு. மூடிய ஓட்டின் படம் இதை எப்படிக் காட்டும்?

எடுத்த இடத்தையும் குறிக்க வேண்டும். நாம் கடல் மணலில் தேடும் இதே உருவம் கங்கையின் நன்னீரிலும் வாழ்கிறது. 1830இல் பென்சன் பெயரிட்ட நோவாகுலினா கஞ்செடிகா அது.

தோற்றத்தை மட்டும் நம்பினால் என்ன இழப்பு என்பதை அறிய, சேர்வராயன் மலையிலுள்ள நாகலூர்க்காரர்கள் மட்டியைத் தேடிக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. அந்த மலையின் கேடயவால் பாம்பை 1863இல் பெடோம் தனி இனமாக விவரித்தார். பின்னால் வந்தவர்கள் அதை இன்னொரு பரவலான இனத்துக்குள் அடக்கிவிட்டார்கள். யூரோபெல்டிஸ் ஷார்ட்டி என்ற தனி அடையாளம் 2014இல்தான் திரும்பக் கிடைத்தது. இந்த மலைக்கே உரிய உயிரைக் காக்க வேண்டும் என்று பேச, அதுவரை பட்டியலில் அதற்கொரு பெயர்கூட இல்லை.