"சுடவில்லை" என்ற சொல்லை நம்பலாமா?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் பிள்ளைகளைப் பிரிந்து தனித்து வாழும் தமிழ் முதியவர்கள் அநேகர். பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கின்றனர். பெற்றோரைப் பராமரிப்பவரோ மாதச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒரு பெண். அவரது அன்பிலோ உழைப்பிலோ நான் குறை காணவில்லை. ஒத்தணம் கொடுக்கும் முறையை அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதே எனது கேள்வி.

ஒத்தணம் நமக்குப் புதிதன்று. நொச்சி இலையையும் தவிட்டையும் உப்பையும் துணியில் முடிந்து, சூடாக்கி ஒற்றிய மரபு நம்முடையது. அதில் ஒரு பாதுகாப்பும் இருந்தது. ஒற்றுபவர் முதலில் தமது கையில் வைத்துப் பார்ப்பார். பொட்டலமும் தொட்டுத் தொட்டு எடுக்கப்படும். இன்றைய இறப்பர் சுடுநீர்ப் பையோ வைத்த இடத்திலேயே கிடக்கிறது. வைத்தவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்.

நான் அறிந்த மூதாட்டி ஒருவருக்குப் பல்லாண்டுகளாக நீரிழிவு. இரவில் கால் குளிர்கிறது என்றார். சுடுநீர்ப் பையைக் காலடியில் வைத்தார்கள். "சுடுகிறதா அம்மா?" என்று கேட்டதற்கு "இல்லைப் பிள்ளை" என்றாராம். விடிந்தபோது இரு பாதங்களிலும் கொப்புளங்கள். புண் ஆற மாதங்கள் சென்றன.

அவர் பொய் சொல்லவில்லை. நீண்டகால நீரிழிவு பாத நரம்புகளின் உணர்ச்சியை மழுங்கச் செய்யும். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட அங்கமும் சூட்டை உணராதிருக்கலாம். மறதிநோய் கண்டவர் உணர்ந்தாலும் சொல்லத் தெரியாதவர். மொரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1947 இல் வெளியிட்ட முடிவு இன்றும் எடுத்தாளப்படுகிறது. 60 பாகை செல்சியஸ் சூடு சில விநாடிகளில் தோலை எரித்துவிடும். 44 பாகைச் சூடே ஏறத்தாழ 6 மணி நேரம் தொடர்ந்து பட்டால் எரித்துவிடும். 6 மணி நேரம் என்பது ஒருவர் உறங்கி எழும் நேரமல்லவா?

ஆகவே, நோயாளியின் சொல்லை மட்டும் நம்பாமல் கண்ணையும் கடிகாரத்தையும் நம்ப வேண்டும். பையில் கொதிநீர் ஊற்றலாகாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துவாய் சுற்ற வேண்டும். 15 முதல் 20 நிமிடங்கள் போதும். இடையிடையே தோலைப் பார்க்க வேண்டும். உறங்குபவரின் கட்டிலில் பை இருக்கக் கூடாது. உணர்ச்சி குன்றிய காலுக்குச் சூடே வேண்டாம். தளர்வான பருத்திக் காலுறை போதும். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்துக்கும், காரணம் தெரியாத வயிற்றுவலிக்கும் சூடு ஆகாது. குளிர் ஒத்தணமும் ஆபத்தற்றதன்று. ஐஸ்கட்டியை நேரே தோலில் வைத்தால் அதுவும் புண்ணாக்கும். இரத்தவோட்டம் குறைந்த காலுக்கு வைத்தியரைக் கேளாமல் அதனை வைக்கவே கூடாது.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். அத்தகைய மரபுக்கு உரியவர்களாகிய நாம், அம்மாவின் கட்டிலருகே ஒட்ட ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பையேனும் எழுதி வைத்திருக்கிறோமா?

வெளிநாட்டிலிருந்து பணமும் சுடுநீர்ப் பையும் அனுப்பும் பிள்ளைகளே, அந்தக் குறிப்பையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை தொலைபேசியில் பேசும்போது, அம்மாவின் பாதத்தை இன்று யாராவது பார்த்தார்களா என்றும் கேளுங்கள்.