எலும்பும் மின்சாரமும்

முறிந்த எலும்பை இணைத்தற் பொருட்டு ரண வைத்தியர் உலோகத் தகட்டையும் திருகாணியையும் உடலினுள்ளே பொருத்துவது இன்று எங்கும் காணும் நிகழ்ச்சியே. அப்பொருள் பாரம் தாங்குமா, முறியாதிருக்குமா என்று மட்டுமே நம்மிற் பலர் வினவுவர். அவ்வினா போதாது என்பதே நம் கருத்து. உயிருள்ள உடல் அப்பொருளின் வன்மையை மட்டுமன்று, அதன் மின் தன்மையையும் உணர்கின்றது.

இத்தாலி நாட்டுப் பேராசிரியரான கால்வானி, இறந்த தவளையின் காலை இருவேறு உலோகங்கள் தீண்டியபோது அது துடிக்கக் கண்டு, 1791-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். மின்சாரம் பிராணியின் உடலிலேயே உள்ளது என்றார் அவர். அங்ஙனமன்று, அது உலோகங்களினின்றே பிறப்பது என்று மறுத்தார் வோல்ட்டா. பிற்கால ஆராய்ச்சிகளை நோக்குமிடத்து, இருவர் கூற்றிலும் உண்மை உண்டெனத் தெளிகிறோம்.

அமெரிக்க ரண வைத்தியர்களான வெனபிள், ஸ்டக் என்போர், வெவ்வேறு உலோகங்களை எலும்பில் ஒருங்கே வைத்தால் நேரும் தீங்கை 1937-இல் எடுத்துக் காட்டினர். உப்புக் கலந்த உடல்நீரில் அவை ஒரு மின்கலமாகவே அமைந்துவிடுகின்றன, உலோகம் அரிக்கப்படுகிறது, அண்டையிலுள்ள எலும்பும் கெடுகிறது. இது வோல்ட்டாவின் பக்கத்துச் சான்று.

1957-இல் ஜப்பானியரான புக்காடா, யசுடா இருவரும், எலும்பை அழுத்தினால் அதிலேயே மின்சாரம் தோன்றுகிறதென்று நிறுவினர். இது கால்வானியின் பக்கத்துச் சான்று.

இவ்வுண்மைகளை அறிந்தபின், மின்சாரத்தைத் தீங்கினின்று நன்மைக்குத் திருப்பலாகாதோ என்னும் எண்ணம் எழுதல் இயல்பே. எலும்பின் தாதுப்பொருளாகிய ஹைடிராக்ஸி அபடைட்டைச் சூடாக்கி, மின்புலத்தில் வைத்துக் குளிர்வித்தால், அதன் ஒரு முகம் நேர் மின்சாரத்தையும் மறுமுகம் எதிர் மின்சாரத்தையும் தாங்கி நிற்கும். உடல்நீரை ஒத்த கரைசலில் இட்டபோது, எதிர் முகத்தில் எலும்பையொத்த படிகம் விரைந்து வளர்ந்தது, நேர் முகத்தில் வளர்ச்சி தளர்ந்தது என்று யமாஷிடாவும் அவர் தோழர்களும் 1996-இல் வெளியிட்டனர். எதிர் முகம் கால்சியம் அயான்களைத் தன்பால் ஈர்ப்பதே இதற்குக் காரணம்.

இதனைக் கொண்டு மின்சாரமே சர்வரோக நிவாரணி என்று எவரும் மயங்குதல் வேண்டா. உடல்நீரிலுள்ள உப்பு, மின்சாரத்தின் விசையை ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தூரத்திற்குள்ளேயே பெரிதும் மறைத்துவிடுகிறது. பொருளின் மேல் முதலிற் படியும் அயான்களையும் புரதங்களையுமே உயிரணுக்கள் சந்திக்கின்றன. அம்முதற் படலம் எத்தகையதாக அமையவேண்டுமென்பதில் மின்சாரத்திற்குப் பங்குண்டு. முழு ஆட்சி இல்லை. மேலும், 1965-இல் பிரானெமார்க் மனிதர் தாடையில் பொருத்திய டைட்டேனியம், இத்தகைய மின்னேற்றம் ஏதுமின்றியே எலும்போடு ஒன்றிற்று. ஆகவே, புதிய பொருள் பழையதை வெல்லுமென்பது நோயாளியின் உடலில் நெடுங்காலம் சோதித்து அறிய வேண்டியதேயன்றி, கண்ணாடிக் கலத்தைக் கண்டு முழங்கத் தக்கதன்று.

நம் மாணாக்கருக்கு ஒன்று கூறுவோம். பௌதிகம் பயில்வோர் உயிர்நூற் கூடத்துள் அடிவைப்பதில்லை. உயிர்நூல் பயில்வோர் மின்சாரம் தமக்குரியதன்று என ஒதுங்குகின்றனர். தவளையின் காலோ இவ்விரு கூடங்களையும் பிரிக்கும் சுவரை அறியாது. முறிந்த எலும்போடு படுத்திருக்கும் ஏழைத் தொழிலாளியும் அதனை அறியான். மீண்டும் எழுந்து நடப்பதொன்றே அவன் வேண்டுவது. அவன்பொருட்டேனும் அச்சுவரில் ஒரு வாயில் திறப்போமாக.