பொது மைதானம் யாருக்கு?

கோல்ஃப் என்றால் செல்வர்களின் பொழுதுபோக்கு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். கோல்ஃப் மட்டையைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆயினும், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரின் நகராட்சி கோல்ஃப் மைதானத்தைப் பற்றிப் படித்தபின், அதை அழிக்கக் கூடாது என்போர் கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

1924இல் அவ்வூர் லயன்ஸ் சங்கத்தார், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அதனை அமைத்தனர். பரப்பு ஏறக்குறைய 141 ஏக்கர். 1936இல் நகராட்சி அதை ஏற்று நடத்தத் தொடங்கியது. கட்டணம் செலுத்தி எவரும் ஆடலாம். "எவரும்" என்று எழுதிவிட்டேன். வெள்ளையர் எவரும் என்று திருத்திக்கொள்ளுங்கள். அந்நாளில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் பள்ளி, பேருந்து, பூங்கா எல்லாவற்றிலும் நிறவேற்றுமையே சட்டம். கறுப்பினச் சிறுவர்கள் கோல்ஃப் மைதானத்துக்குள் வரலாம், பிறருடைய மட்டைப் பையைச் சுமப்பதற்கு!

1950ஆம் ஆண்டின் இறுதியில், கறுப்பினச் சிறுவர் இருவர் உள்ளே சென்று தாங்களே ஆடத் தொடங்கினர். செய்தி நகர மன்றத்துக்குப் போயிற்று. மேயர் டெய்லர் கிளாஸும் அதிகாரிகளும் கலந்து பேசி, அவர்களைத் தடுப்பதில்லை என்று முடிவு செய்தனர். அவ்வளவுதான். வழக்கில்லை, கலவரமில்லை. அட்லாண்டா நகரிலோ, 1951இல் நகராட்சி மைதானத்தில் திருப்பி அனுப்பப்பட்ட ஹோம்ஸ் குடும்பத்தார், உச்சநீதிமன்றம் வரை சென்று 1955இல்தான் ஆடும் உரிமையைப் பெற்றனர்.

ஆஸ்டின் மைதானத்துக்கு வேறு விதத்தில் ஆபத்து வந்தது. 2019இல் முடியும் குத்தகையைப் புதுப்பிப்பதில்லை என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழு 2011இல் தீர்மானித்தது. அந்நிலத்தில் கட்டடங்கள் எழுந்தால் கல்விக்குப் பணம் வருமாம். இதில் நியாயம் இல்லாமலில்லை. ஜார்ஜ் பிராக்கன்ரிட்ஜ் என்பவர் 1910இல் அந்நிலத்தைப் பல்கலைக்கழகத்துக்கென்றே தானமாகக் கொடுத்தார். மாணவியாகிய நான் விளையாட்டின் பக்கம் பேசலாமா என்று நீங்கள் கேட்கலாம்.

பேசுவேன். இதே பல்கலைக்கழகம்தான், கறுப்பர் என்ற ஒரே காரணத்தால் ஹீமன் ஸ்வெட் என்பவருக்குச் சட்டக் கல்லூரியில் இடம் மறுத்தது. 1950 ஜூன் மாதம் உச்சநீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அவரைச் சேர்த்துக்கொண்டது. அறிஞர்கள் நிறைந்த அவ்விடத்தில் கதவைத் திறக்க நீதிபதிகள் வேண்டியிருந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள், அதே ஊரில், அதே பல்கலைக்கழகத்தின் நிலத்தில், இரண்டு சிறுவர்கள் நடந்தே உள்ளே போய்விட்டனர்! அந்தப் புல்வெளியை வேறு யார் விற்றாலும் பொறுக்கலாம். அந்தப் பல்கலைக்கழகம் கட்டடத்துக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

2016இல் அம்மைதானம் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆனால் அப்பதிவு நில உரிமையாளரின் கையைக் கட்டாது. 2019க்குப் பின், குத்தகையைச் சிறிது சிறிதாக நீட்டித்தே மைதானம் நடந்துவந்திருக்கிறது.

— பத்தாம் வகுப்பு மாணவி