வாந்திக்கு அஞ்சிக் குளிசையைக் கைவிடுவதா?

நியூ ஜேர்சியிலும் ரெக்சாஸிலும் கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியிலும் வாழும் எம்மவரில் பலர் தாய் தந்தையரைக் காண யாழ்ப்பாணம் செல்வதில்லை. புகலிடம் பெற்றவர் தாயகம் திரும்பினால் அப்புகலிடத்தின் அடிப்படையே கேள்விக்குள்ளாகலாம். ஆகவே பெற்றோர் சென்னைக்கோ திருச்சிக்கோ வர, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கு சென்று சந்திக்கின்றனர்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்றளித்துவிட்டது. இந்தியாவிலோ பெருநகரங்களிலும் மலேரியா உண்டு. அங்கு செல்வோர் தடுப்புக் குளிசை எடுக்குமாறு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கிறது.

குளிசை வாங்கப்படுகிறது, எடுத்து முடிக்கப்படுவதில்லை. குமட்டல், வாந்தி என்றதும் இரண்டாம் நாளே அது பெட்டிக்குள் போய்விடுகிறது. “நாம் வளர்ந்த மண்ணின் காய்ச்சல் எம்மை என்ன செய்யும்?” என்ற துணிவும் சேர்ந்துகொள்கிறது. இத்துணிவுக்கு ஆதாரமில்லை. நுளம்புக்கடியால் வரும் ஓரளவு எதிர்ப்புச் சக்தி அவ்விடத்தை விட்டு நீங்கினால் குன்றிவிடும். இங்கு பிறந்த பிள்ளைகளுக்கு அது அறவே இல்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் பதிவாகும் ஏறத்தாழ 2,000 மலேரியா நோயாளரில் உறவினரைக் காணச் சென்று திரும்பியோரே பெரும் பங்கினர்.

வாந்தி உண்மையானதே, அதற்கு வழியும் உண்டு. அற்றோவகுவோன்-புறோகுவானில் குளிசையை உணவுடனோ பாலுடனோ எடுத்தால் குமட்டல் குறையும். கொழுப்புச் சேர்ந்த உணவு மருந்து உடலிற் சேரவும் உதவும். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மீண்டும் ஒரு வேளை மருந்து எடுக்க வேண்டும். ஆதலால் ஒன்றிரண்டு குளிசைகளை மேலதிகமாகக் கேட்டு வாங்குவது நன்று. டொக்சிசைக்கிளின் எடுப்போர் நிறையத் தண்ணீர் குடித்து, உடனே படுக்காதிருக்க வேண்டும். எட்டு வயதுக்குட்பட்டோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது. ஒன்று ஒத்துக்கொள்ளாவிடில் வைத்தியரிடம் வேறொன்றைக் கேட்கலாம். இவையெல்லாம் மருந்துடன் வரும் தாளில் உள்ளன. ஆனால் அத்தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, பிள்ளைக்குக் குளிசை கொடுக்கும் தாயோ தமிழில் மட்டுமே வாசிப்பவராக இருக்கலாம். இரண்டு நிமிடம் செலவிட்டு இதை விளக்காத வைத்தியர்மீதும் எமக்குக் குறையுண்டு.

மாற்று மருந்து கேட்கும்போது ஓர் எச்சரிக்கை. வாரம் ஒரு முறை எடுத்தாற் போதும் என்பதால் மெப்ளோகுயின் வசதியாகத் தோன்றும். மனத்தையும் நரம்பையும் அது பாதிக்கக்கூடும் என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. மனச்சோர்வோ பதற்ற நோயோ உள்ளவர் தடுப்புக்காக அதை எடுக்கலாகாது. ஷெல்வீச்சையும் தடுப்புமுகாமையும் கடந்து வந்த எம்மவர் பலர் தம் உறக்கமின்மையை வைத்தியரிடம் சொல்வதேயில்லை. இவ்விடயத்தில் சொல்லியே ஆகவேண்டும்.

திரும்பி வந்த பின்னும் மருந்து முடிவதில்லை: முதலாவதை ஏழு நாளும் மற்றிரண்டை நான்கு வாரமும் தொடர வேண்டும். வந்தபின் காய்ச்சலோடு வாந்தி வந்தால் குளிசையின் மேல் பழியைப் போட்டு வீட்டில் இருக்கலாகாது. அது மலேரியாவாகவும் இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குச் சென்று, இந்தியாவிலிருந்து வந்ததை முதலிலேயே சொல்லி, இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும்.