டூர் என்றால் ஊட்டி மட்டும்தானா?

ஃபைனல் இயர் டூர் என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பி விடுகிறோம். பஸ்ஸில் ஆட்டம் பாட்டம், திரும்பி வந்தால் நாலு போட்டோ. வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனால் தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு கோடியக்கரைக்கும் போய்ப் பாருங்கள் என்பதே என் கருத்து.

வேதாரண்யத்திலிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் காடு. மலைக்காடு மாதிரி உயரமில்லை. பாலை மரங்கள் குட்டையாய், நெருக்கமாய், கடல் காற்றிலும் பச்சையாய் நிற்கின்றன. 1967-ல் வெளிமானுக்காகவே சரணாலயமாக்கிய இடம். ஆண் மானின் முறுக்குக் கொம்பைப் பார்த்ததும் எனக்கு நம்ம ஒர்க்‌ஷாப் டிரில் பிட் ஞாபகம்தான் வந்தது! உப்புத் தண்ணீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்கின்றன. அலகுக்குள்ளேயே சல்லடை, இரை உள்ளே, தண்ணீர் வெளியே.

ஆனால் மனசை விட்டுப் போகாதது கரையில் செத்துக் கிடந்த பங்குனி ஆமைதான். முட்டையிட வரும் காலம் இது. ஆமைக்கும் நுரையீரல்தான், இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட முடியாமல் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஒதுங்கின. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி!

வழி இல்லாமல் இல்லை. வலைக்குள் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். இறால் இடுக்கு வழியே உள்ளே போகும், ஆமை முட்டி, திறப்பு வழியே தப்பிவிடும். நம் படகுகளுக்கு ஏற்றதைக் கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே வடிவமைத்திருக்கிறது. திரும்பும்போது நாகப்பட்டினத்தில் ஒரு விசைப்படகு அண்ணனிடம் கேட்டேன். "பெரிய மீனும் போயிடும் தம்பி, டீசல் காசை யாரு தருவா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். அவரை வில்லனாக்கிக் கவிதை எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. நஷ்டத்தை அரசு ஏற்கட்டும். சட்டம் செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும்? பைப் பெண்டிங், வெல்டிங்... நம்ம வேலைதானே! வருஷா வருஷம் அதே ஹைட்ராலிக் ஜாக்கியையே ப்ராஜெக்ட் என்று காட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

வருகிற ஜனவரியில் நாகப்பட்டினம் போய் வலை அளவு எடுக்கலாம் என்றிருக்கிறேன். மெக்கானிக்கல் பசங்க பேர் கொடுங்க. டேப் நான் கொண்டு வருகிறேன்.