கடைசி மாசச் சம்பளமா, எத்தனை வருஷமா?

பென்ஷன் பற்றி எழுதினாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிவிடும். "அரசு ஊழியனுக்கு எதுக்குய்யா பென்ஷன், எங்க வரிப்பணம்" என்று ஒரு கோஷ்டி. "பழைய பென்ஷன் தவிர வேறெதையும் தொடமாட்டோம்" என்று இன்னொன்று. நான் ரெண்டிலும் இல்லை. ஆலங்காயத்தில் உட்கார்ந்து கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்ததில் தோன்றியதைச் சொல்கிறேன். அடிக்க வருபவர்கள் முழுசாகப் படித்துவிட்டு அடிக்கவும் :-)

முதலில் கதைச் சுருக்கம். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம், அதாவது சி.பி.எஸ். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்ததில் 10 சதவீதம் பிடித்தம், அரசு அதே அளவு போடும். சரி, ரிட்டயர் ஆனால்? சேர்ந்த பணமும் வட்டியும் கையில் வரும். மாதாமாதம் ஒன்றும் கிடையாது. பெயரில் ஓய்வூதியம் இருந்தது, திட்டத்தில் இல்லை! பணியில் இருக்கும்போதே இறந்துபோனவர் குடும்பத்துக்கும் அதே கதிதான்.

மத்திய அரசு 2004 ஜனவரி 1 முதல் என்.பி.எஸ். என்று தனி வண்டி ஓட்டியது. எங்கள் ஊரிலிருந்து மலையேறினால் காவலூர் வானாய்வகம். அங்கே 2004க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் என்.பி.எஸ்.ஸில் இருப்பார். அதே மலையில் அரசுப் பள்ளி வாத்தியார் சி.பி.எஸ்.ஸில். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் இறங்கி வருகிறார்கள்.

பிறகு மத்திய அரசு யு.பி.எஸ். கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில் அறிவிப்பு, 2025 ஏப்ரல் 1 முதல் அமல். 25 வருஷ சர்வீஸ் இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி பென்ஷன். வருஷம் குறைந்தால் அதற்கேற்பக் குறையும். குறைந்தது 10 வருஷமாவது இருந்தால் மாதம் 10,000 ரூபாய் உறுதி. தமிழக அரசு 2025 பிப்ரவரியில் ககன்தீப் சிங் பேடி தலைமையில் குழு போட்டது. 2026 ஜனவரி 3 அன்று தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்று அறிவித்தது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி, ஆறு மாதத்துக்கொருமுறை அகவிலைப்படி உயர்வு, குடும்ப ஓய்வூதியம் 60 சதவீதம். ஊழியரிடம் 10 சதவீதப் பிடித்தம் தொடரும்.

உடனே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார்கள்: கடைசி மாசமா, 12 மாச சராசரியா? போட்டுப் பார்ப்போம். ஒருவர் கடைசி வருஷத்தில் ஆறு மாதம் 58,200, இன்கிரிமென்ட் வந்தபின் ஆறு மாதம் 60,000 வாங்கினார் என்று வையுங்கள். சராசரி 59,100. பாதி 29,550. கடைசி மாதம் என்றால் 30,000. வித்தியாசம் 450 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு சத்தத்துக்கு 450 ரூபாயா?

உண்மையான வெட்டு விழுவது சர்வீஸ் வருஷத்தில். பழைய விதியில் முழு பென்ஷனுக்கு 30 வருஷம் வேண்டும். 22 வயதில் வேலைக்குப் போனவருக்கு அது பிரச்சினையே இல்லை. நம்மூரில் அப்படியா வேலை கிடைத்தது? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு தலை நரைக்கிற வரை சீனியாரிட்டிக்குக் காத்திருந்த தலைமுறை இது.

எங்க அக்கா கதையையே எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியை. 2004ல் 36 வயதில் சேர்ந்தார், தொகுப்பூதியத்தில். அதே பாடம், அதே பெல், அதே மலை ரோடு, சம்பளம் மட்டும் சில ஆயிரம். அவரைப் போல எடுக்கப்பட்ட ஆசிரியர்களை 2006 ஜூன் 1ல்தான் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2028ல் ரிட்டயர் ஆகும்போது ரெகுலர் சர்வீஸ் 22 வருஷம். உண்மையில் வேலை பார்த்தது 24. கணக்குக்கு 60,000 அடிப்படைச் சம்பளம் என்றும், பழைய 30 வருஷ விதி என்றும் வைத்தால் 22க்கு 22,000, 24க்கு 24,000. மாதம் 2,000 ரூபாய், ஆயுசு முழுக்க.

"அந்த ரெண்டு வருஷமும் நான் ஸ்கூலுக்குப் போனேனா இல்லியாடா?" என்று கேட்டார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது, நிதித்துறைதான் சொல்ல வேண்டும்.

இது புதுசாகக் கண்டுபிடித்த கோரிக்கையும் இல்லை. 2003 ஏப்ரலுக்கு முன்பே நிரந்தரமானவர்களுக்கு, தொகுப்பூதியத்தில் வேலை பார்த்த காலத்தில் பாதியைப் பென்ஷனுக்குச் சேர்க்க ஓய்வூதிய விதியிலேயே இடம் இருக்கிறது. அதற்குப் பிறகு நிரந்தரமானவர்களுக்குத்தான் கதவு மூடிவிட்டது. பென்ஷனே இல்லாத திட்டத்தில் இந்தக் கதவு மூடியிருந்ததை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது உறுதியான பென்ஷன் என்று அறிவித்த பிறகு அந்தக் கதவையும் திறக்க வேண்டாமா? சங்கத் தலைவர்கள் 10 சதவீதப் பிடித்தத்தைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்களோ, அதில் பாதியாவது இதைப் பற்றிப் பேசலாம். பிடித்தம் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. (சம்பளம் வாங்குகிறவர் அக்கா, பிடித்தத்தில் பெருந்தன்மை காட்டுவது நான். தெரியும், தெரியும்.)

ஒரு விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு அதிர்ஷ்டம். மாநிலம் என்.பி.எஸ். ஆணையத்திடம் பணத்தைக் கொடுக்கவில்லை, தன் கையிலேயே வைத்திருந்தது. ராஜஸ்தானும் சத்தீஸ்கரும் 2022ல் பழைய பென்ஷனுக்குத் திரும்புகிறோம் என்று அறிவித்துவிட்டு, ஏற்கனவே கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டபோது சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

இனி முதல் கோஷ்டிக்கு. வாணியம்பாடி, ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பெண்கள் போகிறார்கள்! அவர்களுக்கு 1995ல் வந்த இ.பி.எஸ். பென்ஷன். சூத்திரம்: சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுக்கணும். 2014 செப்டம்பரில் சம்பள உச்சவரம்பை 15,000 ஆக்கினார்கள். கூடவே, 12 மாத சராசரியை 60 மாத சராசரியாகவும் மாற்றினார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த 60 மாதக் கணக்கு செல்லும் என்றது. 15,000 வரம்பில் 14 வருஷம் வேலை பார்த்தால் மாதம் 3,000 ரூபாய். அகவிலைப்படி கிடையாது. 60 மாத சராசரி என்றால் அஞ்சு வருஷத்துக்கு முந்தைய சம்பளமும் கணக்கில் வரும், சம்பளம் கொஞ்சம் ஏறியிருந்தாலும் பென்ஷன் பின்னால் இழுக்கும். இந்த அநியாயத்துக்கு எந்த டீக்கடையிலும் சத்தம் இல்லை. "வாத்தியாருக்கு மட்டும் ஏன்" என்று கேட்கிறவர்கள் "ஷூ கம்பெனி அம்மாவுக்கு ஏன் இல்லை" என்று ஒரு தடவை மாற்றிக் கேட்டுப் பாருங்களேன். வாத்தியார் பென்ஷனைப் பிடுங்கினால் அந்த அம்மாவின் 3,000 ஒரு ரூபாய் கூட ஏறப்போவதில்லை.

1982 டிசம்பர் 17ல் நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் அரசு போடும் பிச்சை இல்லை, செய்த வேலைக்கான உரிமை என்றது. அந்த வழக்கே கணக்குச் சூத்திரத்தை மாற்றியபோது வந்ததுதான். 1979ல் 36 மாத சராசரிக்குப் பதில் 10 மாத சராசரி என்று தாராளமாக்கினார்கள், ஆனால் ஒரு தேதிக்கு முன்னால் ரிட்டயர் ஆனவர்களுக்குக் கிடையாது என்று கோடு போட்டார்கள். நீதிமன்றம் அந்தக் கோட்டை அழித்தது. தொகுப்பூதியக்காரர்கள் முன்னால் இருப்பதும் ஒரு தேதிக் கோடுதான்.

தொகுப்பூதியத்தில் இருந்த நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் காலத்து நியமன ஆணை, சம்பளப் பட்டியல் நகல் எல்லாம் கையில் இருக்கிறதா, பணிப்பதிவேட்டில் அந்த வருஷங்கள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். எத்தனை பேர் தேறுகிறோம் என்று பார்ப்போம்.