வயது வந்தோர் கல்வியில் செயற்கை நுண்ணறிவு: எங்கள் நிலைப்பாடு

கற்போர் மையங்களுக்குக் கல்விச் செயலிகள் வந்துவிட்டன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. இவற்றை ஏற்பதா, மறுப்பதா என்று தன்னார்வலர்கள் கேட்கிறார்கள். எங்கள் அமைப்பின் பதில் இதுதான்: தன்னார்வலரின் கையில் கருவியாக இருக்கும்வரை வரவேற்கிறோம், அவருடைய இடத்தில் அமர்த்தப்பட்டால் எதிர்க்கிறோம்.

ஏன் இப்போது?

2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதும் அதற்கு மேலும் ஆன 5 கோடிப் பேரை இலக்காக வைத்திருக்கிறது. மொத்த மதிப்பீடு 1,037.90 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஐந்தாண்டுக்கும் சேர்த்துத் தலைக்கு ஏறத்தாழ 208 ரூபாய். கற்பிப்பவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். இப்படிக் கையைக் கடிக்கும் துறையில் 'ஆள் எதற்கு, செயலி போதும்' என்ற யோசனை சுலபமாக எடுபட்டுவிடும்.

அனுபவம் சொல்வது

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறிவொளி எழுத்தறிவு இயக்கம், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது. அந்தக் காலத்தின் தொழில்நுட்பம் சைக்கிள். யார் துணையும் இல்லாமல் வேலைக்கும் வகுப்புக்கும் போய்வரப் பெண்களுக்கு அது உதவியது. அதைக் காரணம் காட்டி யாரும் ஆசிரியரைக் குறைக்கவில்லை. 2000-இல் டாடா கன்சல்டன்சி நிறுவனம் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கிய கணினிவழி எழுத்தறிவுத் திட்டத்திலும் திரையில் படமும் ஒலியும் பாடம் நடத்தின. கணினிக்குப் பக்கத்தில் ஒரு பயிற்றுநரும் இருந்தார்.

எங்கே உதவும்?

வங்கியில் பணம் எடுக்கும் படிவத்தில் 'தொகை எழுத்தால்' என்றொரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர்கள்கூட அங்கே வந்ததும் தயங்கி, பக்கத்தில் நிற்பவரிடம் படிவத்தை நீட்டுவார்கள். 1,500 என்பதை 'ஆயிரத்து ஐந்நூறு' என்று எழுதப் பழக்கும் பயிற்சித்தாள்களை, அவரவர் பெயரும் ஊரும் போட்டு, பெரிய எழுத்தில் சில நிமிடங்களில் தயாரித்துத் தர செயற்கை நுண்ணறிவால் முடியும். முன்பெல்லாம் தன்னார்வலர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய வேலை இது. ஆனால் எண்ணும் எழுத்தும் பொருந்துகின்றனவா என்று அவர் சரிபார்த்த பிறகே தாள் கற்போர் கைக்குப் போகவேண்டும். இயந்திரம் தப்பாகச் சொன்னாலும் தயங்காமல் சொல்லும்.

எங்கே உதவாது?

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் நாட்டில் 54 சதவீதம் பேர். வீட்டில் ஒரே கைபேசி என்றால் அது பெரும்பாலும் கணவரிடமோ மகனிடமோ இருக்கும். வெடித்துக் காய்த்துப்போன விரலைத் தொடுதிரை சில நேரம் உணர்வதே இல்லை. செய்தி வாசிப்பவரின் தமிழைப் புரிந்துகொள்ளும் செயலி, ஒரு பாட்டி வட்டார வழக்கில் பேசினால் தடுமாறுகிறது. தவறு பாட்டியுடையது அல்ல. ஆனால் 'எனக்கு மண்டையில ஏறல' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர் அவர்தான்.

'பேசினாலே கைபேசி பதில் சொல்லும்போது எழுத்து எதற்கு?' என்ற வாதத்தை நாங்கள் முற்றாக நிராகரிக்கிறோம். கடன் பத்திரத்தைக் கைபேசி வாசித்துக் காட்டலாம். வாசித்தது சரிதானா என்று பார்க்க, கையெழுத்துப் போடுகிறவருக்குப் படிக்கத் தெரிந்திருக்கவேண்டும். இல்லையென்றால் நேற்றுவரை தரகரை நம்பியவர் இனி செயலியை நம்பி இருப்பார். குரல்வழி உதவி எழுத்தறிவுக்கு மாற்றாகாது.

எங்கள் கோரிக்கைகள்

1. செயலி இருப்பதைக் காட்டி எந்தக் கற்போர் மையத்தையும் மூடக்கூடாது. தன்னார்வலர் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடாது.

2. புதிய மென்பொருள் வாங்கும் முன் தன்னார்வலருக்கு மதிப்பூதியமும் இணையச் செலவும் கொடுக்கவேண்டும். மையத்துக்கு ஒரு பொதுக் கைக்கணினியாவது வேண்டும்.

3. கருவிகளை வாங்குவதற்கு முன் கற்போரிடமே, அவரவர் பேச்சுவழக்கில் சோதித்துப் பார்க்கவேண்டும்.

4. கற்போரின் ஆதார் எண், முகப்படம், குரல் ஆகியவை தனியார் நிறுவனங்களுக்குப் போகக்கூடாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கேட்கிறது. படிக்கத் தெரியாதவரிடம் திரையில் 'சம்மதம்' பொத்தானை அழுத்தச் செய்வது ஒப்புதல் ஆகாது, வாய்மொழியாக விளக்கவேண்டும்.

5. தேர்ச்சியைச் செயலியின் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றுக்கு இப்போது நடக்கும் 150 மதிப்பெண் தேர்வை மனிதர்களே திருத்தவேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மையத்துக்கு வாரத்தில் இரண்டு மாலைகள் வாருங்கள். கைபேசியையும் கொண்டுவாருங்கள், அதை எப்போது எடுப்பது, எப்போது பைக்குள் வைப்பது என்பதைக் கற்போரின் தேவையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.